இலகு போல்ட் ரைபிள்

இலகு போல்ட் ரைபிள் என்பது தோளில் மாட்டிக்கொண்டு நெடுநேரம் நடப்பதற்காக எடை குறைத்துச் செய்யப்படும் வேட்டைத் துப்பாக்கி. ஒவ்வொரு முறை சுட்டதும் போல்ட்டின் கைப்பிடியை உயர்த்திப் பின்னுக்கு இழுத்தால் வெற்றுத் தோட்டா வெளியே விழும். முன்னுக்குத் தள்ளி மடக்கினால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறிப் பூட்டிக்கொள்ளும். இலகு என்பதற்குச் சட்டப்படியான அளவு ஏதும் இல்லை. டெலஸ்கோப் இல்லாமல் ஏறத்தாழ 3 கிலோவும் அதற்குக் கீழும் உள்ளவற்றை இப்படி அழைப்பது வழக்கம். இந்தியாவில் வேட்டை தடைசெய்யப்பட்டுள்ளது. ஆகவே திண்டுக்கல் போன்ற மாவட்டங்களில் இந்த ரைபிளைப் பற்றிய பேச்சு காட்டுப்பன்றிச் சேதம், ஆயுத உரிமம், பழைய குடும்பத் துப்பாக்கி ஆகியவற்றையொட்டியே எழுகிறது.

அமைப்பு

இன்றைய போல்ட் ரைபிள்களில் பெரும்பாலானவை ஜெர்மனியின் பால் மௌசர் வடிவமைத்த 1898ஆம் ஆண்டு மாதிரியின் வழிவந்தவை. அதில் போல்ட்டின் முன்முனையில் இரண்டு பூட்டுப்பற்கள், காப்புக்கு மூன்றாவதாக ஒன்று. தோட்டாவின் அடிவிளிம்பைத் தொடக்கத்திலிருந்தே கவ்விப் பிடிக்கும் அகன்ற கொக்கியும் உண்டு. துப்பாக்கி எந்தக் கோணத்தில் இருந்தாலும் தோட்டா நழுவாமல் ஏறுவது இந்தக் கொக்கியால்தான். ஜேம்ஸ் பாரிஸ் லீயின் அமைப்பைக் கொண்ட பிரிட்டிஷ் லீ-என்ஃபீல்டில் பூட்டுப்பற்கள் பின்புறம் இருக்கும். போல்ட் குறைந்த தூரமே நகர்வதால் அடுத்தடுத்து வேகமாகச் சுடலாம். ஆனால் உயர் அழுத்தத் தோட்டாவைத் தாங்குவதில் மௌசர் அமைப்பே உறுதியானது.

எடையும் உதைப்பும்

ஒரே தோட்டாவைச் சுடும் இரண்டு ரைபிள்களில் எடை குறைந்ததே அதிகம் உதைக்கும். 4 கிலோ ரைபிளை 3 கிலோவாகக் குறைத்தால் பின்னுதைப்பின் ஆற்றல் மூன்றில் ஒரு பங்கு கூடும். உதைப்புக்குப் பயந்தவர் விசையை இழுக்கும் கணத்தில் கண்ணை மூடித் தோளை இறுக்குவார், குறி தப்பும். மெல்லிய குழல் விரைவில் சூடேறும். நான்கைந்து முறை தொடர்ந்து சுட்டால் குண்டு விழும் இடம் விலகக்கூடும். மூச்சிரைக்கும் நேரத்தில் இலகுவான ரைபிளின் முனை அதிகமாக ஆடும்.

1944இல் வந்த லீ-என்ஃபீல்டு ஐந்தாம் எண் ரைபிள் இதற்குச் சான்று. காட்டுப்போருக்காக நீளத்தையும் உலோகத்தையும் குறைத்து, சுமார் 3.9 கிலோ இருந்ததை 3.2 கிலோ அளவுக்குக் கொண்டுவந்தார்கள். எடுத்துச் செல்ல எளிதாக இருந்தது. ஆனால் உதைப்பு கடுமை. குறி நிலைக்கவில்லை என்ற புகாரும் ஓயவில்லை. 1947இல் உற்பத்தி நின்றது.

பின்னர் வந்தவர்கள் இரும்பைச் சுரண்டுவதோடு நிற்காமல் மூலப்பொருளையே மாற்றினார்கள். வின்செஸ்டர் நிறுவனம் 1952இல் மாடல் 70 ரைபிளின் ‘ஃபெதர்வெயிட்’ வடிவத்தை வெளியிட்டது. அதற்குப் பிந்தைய தலைமுறைகளில், குழலைத் தாங்கித் தோளில் பதியும் கட்டை கண்ணாடியிழையிலும் கார்பன் இழையிலும் வந்தது; டைட்டானியப் பாகங்களும் வந்தன. இழைக் கட்டைக்கு எடைக் குறைவைவிடப் பெரிய நன்மை ஒன்று உண்டு. மரக்கட்டை மழைக்காலத்தில் ஈரம் குடித்து உப்பி, குழலை ஒருபக்கம் அழுத்திக் குறியை மாற்றும். இழைக் கட்டை அப்படிச் செய்யாது.

இந்தியாவில்

இந்நாட்டில் புகழ்பெற்ற இலகு ரைபிள் வேட்டைக்காரர் ஜிம் கார்பெட்டுடையது. சம்பாவத் ஆட்கொல்லிப் புலியைக் கொன்றதற்காக 1907இல் அவருக்குப் பரிசாகக் கிடைத்த அந்த .275 ரிக்பி, மௌசர் அமைப்பில் இலண்டனில் செய்யப்பட்டது. அதன் தோட்டா 7×57 மி.மீ. மௌசர், மிதமாக உதைப்பது. ருத்ரபிரயாகை ஆட்கொல்லிச் சிறுத்தையை 1926இல் அதைக்கொண்டே சுட்டார். அடர்ந்த புதரில் புலியை நெருங்க வேண்டியபோது கனத்த இரட்டைக்குழல் ரைபிளையும் அவர் எடுத்துச் சென்றதுண்டு. ஒரே துப்பாக்கி எல்லா வேலைக்கும் பொருந்தாது என்று அவருக்குத் தெரியும்.

பிரிட்டிஷ் ஆட்சியில் படையினரின் .303 தோட்டா தனியாருக்கு மறுக்கப்பட்டது. அதனால் லீ-என்ஃபீல்டு அமைப்பிலேயே .315 (8 மி.மீ.) தோட்டாவுக்கான ரைபிள் பரவியது. மேற்கு வங்கத்தின் இசாப்பூர் ரைபிள் தொழிற்சாலை அதைத் தொடர்ந்து செய்துவந்தது; .30-06, .22 ரைபிள்களும் அங்கிருந்து வந்தன. 2021 அக்டோபரில் படைக்கலத் தொழிற்சாலைகள் ஏழு நிறுவனங்களாகப் பிரிக்கப்பட்டபோது, இசாப்பூரும் திருச்சிராப்பள்ளித் தொழிற்சாலையும் ஒரே நிறுவனத்தின் கீழ் வந்தன. 1980களின் நடுப்பகுதிக்குப் பிறகு தேர்ந்த துப்பாக்கிச் சுடும் வீரர்களைத் தவிர மற்றவர்களால் வெளிநாட்டு ரைபிள்களை இறக்குமதி செய்ய இயலவில்லை. ஆகவே பழைய ரிக்பியும் மௌசரும் பெரும்பாலும் வாரிசுரிமையாகவோ உரிமக்காரர்களுக்கிடையே விற்பனையாகவோதான் கைமாறுகின்றன.

தேர்ந்தெடுத்தல்

முதலில் பார்க்க வேண்டியது தோட்டா. உரிமத்தில் அனுமதிக்கப்படுவதும் தொடர்ந்து கிடைப்பதுமான தோட்டா இல்லாவிட்டால் எவ்வளவு நல்ல ரைபிளும் சுவரில்தான் தொங்கும். அடுத்தது முழு எடை. டெலஸ்கோப், அதைப் பொருத்தும் வளையங்கள், தோள்வார், நிரப்பிய தோட்டாக்கள் எல்லாம் சேர்ந்தால் 2.8 கிலோ ரைபிள் மூன்றரைக் கிலோவைத் தாண்டிவிடும்.

மூன்றாவது, கட்டையின் நீளம். கண்ணை மூடிக்கொண்டு ரைபிளைத் தோளில் ஏற்றிக் கன்னத்தைக் கட்டையில் பதித்துவிட்டுக் கண்ணைத் திறந்தால், குறிமுனை நேராகத் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ குனிந்தோ தேட வேண்டியிருந்தால் அந்தக் கட்டை சுடுபவருக்குப் பொருந்தவில்லை என்று பொருள். இந்தச் சோதனைக்கு முன் போல்ட்டைத் திறந்து அறை காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்வது கட்டாயம்.

குழல் 20 முதல் 22 அங்குலம் இருந்தால் சுமக்கவும் குறிபார்க்கவும் வசதி. மிகக் குறைத்தால் வேகம் குறையும், ஓசையும் தீப்பொறியும் கூடும். பழைய ரைபிளானால் குழலின் சுருள்வரி தேய்ந்துள்ளதா, உள்ளே துருக்குழி உண்டா, கட்டை கைப்பிடிப் பகுதியில் விரிசல் விட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும்.

திண்டுக்கல் சமவெளியில்

திண்டுக்கல் நகரைச் சுற்றியுள்ள சமவெளியைத் தெற்கே சிறுமலையும் மேற்கே பழனி மலைத்தொடரும் வடகிழக்கே அய்யலூர் பக்கத்துக் குன்றுகளும் அணைக்கின்றன. மலையடிவாரத் தோட்டங்களில் மக்காச்சோளம், நிலக்கடலை, வாழை ஆகியவற்றைக் காட்டுப்பன்றிகள் இரவில் கிளறிப் போடுகின்றன. ஒரே இரவில் ஒரு பருவ உழைப்பை இழக்கும் விவசாயியின் துயரம் உண்மையானது.

ஆனாலும் இந்தச் சமவெளிக்கு ரைபிள் பொருந்தும் கருவி அல்ல. .315 போன்ற ரைபிளின் குண்டு இலக்கைத் தவறினால் ஒரு கிலோமீட்டரை எளிதாகக் கடந்துபோகும். கிணற்றடியில் மோட்டார் போட வந்தவரும் ஆட்டுக்கிடை காவலரும் இருளில் தெரிய மாட்டார்கள். சட்டமும் இதே திசையில்தான் நிற்கிறது: 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காப்புக்கென்று குறிப்பிடுவது குழல்வாய் வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் துப்பாக்கியையே, ரைபிளை அல்ல.

சட்டநிலை

1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைக் கட்டுப்படுத்தியது. 1991ஆம் ஆண்டுத் திருத்தம் உரிமம் பெற்று வேட்டையாடும் வழியையும் அடைத்தது. தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் காட்டுப்பன்றி குறித்து வெளியிட்ட நெறிமுறையின்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் பிடித்துக் காட்டில் விட வேண்டும். அதற்கப்பால் வனத்துறையினர் சுடலாம். விவசாயி தாமே சுட அனுமதி இல்லை.

ரைபிள் வைத்திருக்க மாவட்ட ஆட்சியரிடம் ஆயுத உரிமம் பெற வேண்டும். 2019ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் ஒருவர் வைத்திருக்கக்கூடிய துப்பாக்கிகள் அதிகபட்சம் 2. உரிமக் காலம் 5 ஆண்டு. தேர்தல் அறிவிக்கப்படும்போது உரிமத் துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். குறிபார்த்துச் சுடும் கலையில் விருப்பமுள்ளவர்களுக்கு, அங்கீகாரம் பெற்ற துப்பாக்கிக் கழகத்தில் சேர்ந்து .22 ரைபிளிலோ காற்று ரைபிளிலோ பழகும் வழி திறந்தே இருக்கிறது. மூச்சை அடக்குவதும் விசையைப் பதறாமல் அழுத்துவதும் அங்கே உயிர்ச்சேதமின்றிக் கைவரும்.