பிலம் தேடிப் போனவர்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள்.

"இந்தியாவில் பழைய கற்காலக் கருவியை முதலில் கண்டறிந்தவர் யார்? ராபர்ட் புரூஸ் பூட். எங்கே? பல்லாவரம். எப்போது? 1863."

முப்பது வருடத்துக்கு மேல் இதை ஒரு மதிப்பெண் வினாவாகவே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். பல்லாவரமும், அவர் அடுத்துப் போன அத்திரம்பாக்கமும் அன்றைக்கு நம் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தவை. காஞ்சிபுரத்தில் பிறந்து வளர்ந்த நான் இரண்டையும் போய்ப் பார்த்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு அது மனதை உறுத்தியது.

பூட் 1858-ல் இந்திய நிலவியல் ஆய்வுத் துறையில் சேர்ந்தவர். பாறைகளைப் பார்த்துக் குறித்துக்கொண்டே ஊர் ஊராகப் போவதுதான் வேலை. 1863 மே 30 அன்று பல்லாவரத்தில் ஒரு சரளைக் குழியில் கிடந்த கல்லை எடுத்துப் பார்த்தவர், அது தானாக உடைந்த கல் அல்ல, மனிதன் செதுக்கியது என்று புரிந்துகொண்டார். அதே செப்டம்பரில், வில்லியம் கிங் என்ற சக அதிகாரியோடு, கொசத்தலை ஆற்றுப் பக்கம் அத்திரம்பாக்கத்தில் இன்னும் நிறையக் கண்டார். அங்கே சாந்தி பப்பு குழுவினர் அகழ்ந்து 2011-ல் வெளியிட்ட முடிவுப்படி, அந்தக் கைக்கோடரிகளின் வயது சுமார் 15 லட்சம் ஆண்டுகள்!

அத்திரம்பாக்கத்துக்குப் பக்கத்தில், அல்லிக்குழி மலையில் குடியம் குகைகள் இருக்கின்றன. 1960-களில் தொல்லியல் துறை அகழ்வு செய்த இடம். அங்கேதான் 62 வயதில் தனியாகக் கிளம்பினேன். மகளிடம் "திருத்தணிக்குப் போய் முருகனைப் பார்த்துட்டு வரேன்" என்று பொய் சொன்னேன். உண்மையைச் சொன்னால் விட்டிருக்க மாட்டாள்.

திருவள்ளூர் போய், பூண்டி அருங்காட்சியகத்தில் கற்கருவிகளைப் பார்த்துவிட்டு, குடியம் ஊரிலிருந்து முள்காட்டு வழியே நடந்தேன். குகை என்றால் இருட்டுச் சுரங்கம் அல்ல. பிரம்மாண்டமான பாறைக் கூரை, கீழே நிழல். கூரை முழுக்கக் கூழாங்கற்கள் பதிந்திருந்தன, அச்சுவெல்லத்தில் வேர்க்கடலை பதிந்த மாதிரி. காலங்காலமாக அவை கழன்று விழுகின்றன. இந்த மலையின் குவார்ட்சைட் கற்களே ஆதிமனிதனுக்கு ஆயுதம் செய்யும் பொருள்.

அடுத்த குகையைத் தேடிப் போனபோது பாதை தவறிவிட்டது. போனில் சிக்னல் இல்லை. தண்ணீரும் தீர்ந்தது. அப்போதுதான் உறைத்தது: எனக்கு ஏதாவது ஆனால், மகள் திருத்தணியில் அல்லவா தேடுவாள்?

நல்ல வேளை, ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் கூப்பிட்டார். "எம்மா, தனியாவா வந்தீங்க? அந்தாண்ட போவாதீங்க, மேல பெருந்தேன் கட்டிக்கீது." நிமிர்ந்து பார்த்தால் பாறை விளிம்பில் பெரிய பெரிய தேன்கூடுகள். இன்னும் பத்தடி போயிருந்தால் இந்தப் பதிவை எழுத நான் இருந்திருப்பேனோ என்னவோ. ஊர் வரை கூடவே வந்து விட்டார். காசு வாங்க மறுத்துவிட்டார்.

திரும்பி வந்து குகை தேடியவர்களைப் பற்றி மறுபடி படித்தேன். கர்நூல் பக்கம் பில்ல சுர்கம் குகைகளை 1844-லேயே நியூபோல்டு என்ற ராணுவ அதிகாரி எழுதிவிட்டார். நாற்பது வருடம் கழித்து பூட்டும் அவர் மகன் ஹென்றியும் அங்கே தோண்டி, விலங்கு எலும்புகளை எடுத்தார்கள். எலும்புகளை இனம் கண்டு சொன்னவர் லைடெக்கர் என்ற இன்னொருவர்.

அதே பகுதியில் உள்ள பெலும் குகையில் 1982, 83-ல் ஜெர்மானியரான கெபவர் குழு இறங்கி அளந்தது. உடன் நின்றவர் சலபதி ரெட்டி. 3,229 மீட்டர் நீளம் அந்தக் குகை. பெலும் என்ற பெயரே பிலம் என்பதிலிருந்து வந்தது என்பார்கள். காமாட்சியம்மன் கோயிலில் பிலாகாசத்தைக் கும்பிடும் நமக்கு அந்தச் சொல் புதிதா? பள்ளத்துக்குப் பெயர் வைத்து, அங்கே ஆபத்து எது, வழி எது என்று தெரிந்துவைத்திருந்த ஊர்க்காரர்கள் முன்பே இருந்திருக்கிறார்கள். புத்தகத்தில் ஒரு பெயர்தான் வருகிறது. ஒரு மதிப்பெண்ணுக்கு அவ்வளவுதான் இடம்.

என் அப்பா பிள்ளையார்பாளையத்தில் தறி போட்டவர். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் வரும் கோர்வைச் சேலையை ஒருவரால் நெய்ய முடியாது. கரைக்கு நாடா தள்ள இன்னொரு கை வேண்டும். பள்ளி விட்டு வந்ததும் அந்தக் கை என்னுடையதாக இருந்தது. சேலை விற்கும்போது அப்பா பெயர்கூட வராது, என் பெயர் எங்கே வரப்போகிறது!

அன்றிரவு மகளிடம் உண்மையைச் சொன்னேன். இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், "அடுத்த முறை நானும் வரேம்மா" என்றாள்.

போக நினைப்பவர்களுக்கு: காலையிலேயே கிளம்புங்கள். எங்கே போகிறோம் என்று வீட்டில் உண்மையைச் சொல்லுங்கள். ஊரில் ஒருவரை வழிகாட்ட அழைத்துக்கொண்டு, உரிய கூலி கொடுங்கள். தேன்கூடு பக்கம் சத்தமும் புகையும் வேண்டாம். அழகாக இருக்கிறதே என்று எந்தக் கல்லையும் எடுத்து வராதீர்கள். அது கிடக்கும் இடத்தில் கிடந்தால்தான் அதன் வயதைச் சொல்ல முடியும்.