கடலடியில் ஒரு கோளாறு

1858-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 5-ந் தேதி, அயர்லாந்தின் மேற்குக் கரையிலுள்ள வாலன்ஷியா தீவையும், அட்லாண்டிக் சமுத்திரத்துக்கு அக்கரையிலுள்ள நியூபவுண்ட்லாந்தையும் ஒரு தந்திக் கம்பி இணைத்தது. சுமார் 2,000 மைல் நீளம். சில இடங்களில் இரண்டு மைலுக்கு மேல் ஆழம். நியூயார்க் நகரத்துக்கு அன்று வந்த உற்சாகத்தைச் சொல்லி முடியாது. விட்ட வாணத்தில் நகர மண்டபத்தின் கூரையே தீப்பற்றிக் கொண்டது. மிஞ்சிப் போன கம்பியை டிப்பனி என்னும் நகைக் கடைக்காரர்கள் வாங்கி, நாலு அங்குலத் துண்டுகளாக நறுக்கி ஞாபகப் பொருளாக விற்றார்கள்.

விக்டோரியா மகாராணி அமெரிக்க ஜனாதிபதி புக்கானனுக்கு வாழ்த்துச் செய்தி அனுப்பினாள். அதில் 98 சொற்கள் இருந்தன. போய்ச் சேர 16 மணி நேரம் பிடித்தது. கணக்குப் பார்த்தால் ஒரு சொல்லுக்குப் பத்து நிமிஷம்!

ஊரெல்லாம் மேளமும் தாளமுமாக இருந்த அந்த நாட்களில், இரு கரையிலும் இருட்டறையில் உட்கார்ந்திருந்த தந்திக் குமாஸ்தாக்கள் என்ன பேசிக் கொண்டார்கள் என்பதற்குப் பதிவு இருக்கிறது. படித்துப் பார்த்தால் பரிதாபமாக இருக்கும். மறுபடி அனுப்புங்கள் என்கிறார் ஒருவர். மெதுவாக அனுப்புங்கள் என்கிறார் மற்றவர். நான் அனுப்பியது தெரிகிறதா, ஏதாவது அனுப்புங்களேன், எப்படி இருக்கிறது என்று இப்படியே ஒரு பகல் முழுதும் ஓடியிருக்கிறது. 'கேட்கிறதா? நான் பேசுவது கேட்கிறதா?' என்று கைத் தொலைபேசியைப் பிடித்துக் கொண்டு மொட்டை மாடிக்கு ஓடுகிற நமக்கு இது புரியாத பாஷை அல்லவே!

கம்பெனியின் மின்சார நிபுணர் ஒயில்ட்மன் ஒயிட்ஹவுஸ் என்பவர். தொழிலால் அவர் வைத்தியர். பிரைட்டன் நகரத்தில் ரண சிகிச்சை செய்து கொண்டிருந்தவர். மின்சாரத்தைத் தாமாகவே கற்றுக் கொண்டார். கை சுறுசுறுப்பானவர், ஆனால் கணிதம் என்றால் அலட்சியம். கிளாஸ்கோவில் பேராசிரியராயிருந்த வில்லியம் தாம்ஸன் ஒரு சூத்திரம் கண்டு சொல்லியிருந்தார். கம்பியின் நீளம் இரட்டித்தால், கடலடியில் செய்தி தாமதிப்பது இரண்டு மடங்கு அல்ல, நாலு மடங்காகும் என்றார். இதெல்லாம் புத்தகக் கற்பனை என்று ஒயிட்ஹவுஸ் தள்ளி விட்டார்.

ஏன் தாமதம் என்கிறீர்களா? கோடைக்குப் பின் முதல் தண்ணீர் திறந்து விட்ட வாய்க்காலை நினைத்துக் கொள்ளுங்கள். மதகைத் திறந்தவுடன் கடைமடைக்குத் தண்ணீர் வந்து விடுகிறதா? வழி நெடுக வறண்ட மண் குடித்தது போகத்தான் மீதி வரும். கடலடிக் கம்பியும் அப்படித்தான். உள்ளே தாமிரம், வெளியே உப்புத் தண்ணீர், நடுவே மலாய் நாட்டு மரப்பாலான கட்டாபெர்ச்சாவின் மெல்லிய உறை. அனுப்பிய மின்சாரம் முதலில் இந்த நெடுங்குழாயை நிரப்பி விட்டுத்தான் அக்கரையில் தலை காட்டும்.

தாம்ஸன் செய்த பரிகாரம் அழகானது. வலுவை ஏற்ற வேண்டாம்; வாங்குகிற கண்ணைக் கூர்மையாக்கினால் போதும் என்றார். பட்டு நூலில் ஒரு சின்னஞ்சிறு கண்ணாடியைத் தொங்கவிட்டு, அதன் முதுகில் காந்தத் துணுக்கு ஒட்டினார். விளக்கொளி அதில் பட்டுச் சுவரில் ஒரு புள்ளியாக விழும். இம்மியளவு மின்சாரம் வந்தாலும் புள்ளி நகரும். வைத்தியரோ மருந்து பிடிக்கவில்லையா, அளவைக் கூட்டு என்கிற கட்சி. ஐந்து அடி நீளச் சுருள்களை வைத்து ஏறக்குறைய 2,000 வோல்ட் மின்சாரத்தைக் கம்பிக்குள் செலுத்தினார். ஏற்கெனவே நோஞ்சானாக இருந்த கம்பி அதைத் தாங்கவில்லை.

நோஞ்சான் என்று நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. செய்து முடித்த கம்பியைத் தொழிற்சாலையில் திறந்த வெளியில் போட்டு வைத்திருந்தார்கள். வெயிலில் உறை இளகித் தாமிரம் சில இடங்களில் ஒரு பக்கமாக ஒதுங்கி விட்டது. இரண்டு கம்பெனிகள் பாதிப் பாதியாகச் செய்ததில், ஒருவர் வலப் புறமும் மற்றவர் இடப் புறமும் முறுக்கியிருந்தார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. ஆகவே பழி முழுவதையும் வைத்தியர் தலையில் போடுவது எனக்குச் சம்மதமில்லை. சாகக் கிடந்த நோயாளியை அவர் சற்று வேகமாக வழியனுப்பினார், அவ்வளவுதான்.

அவர் செய்த பெரிய தப்பு வேறு. கோளாறு வாலன்ஷியா துறைமுகத்திலேயே, காலடியில்தான் இருக்கிறது என்று முடிவு கட்டி, மேலிடத்து உத்தரவையும் மீறி அங்கே கம்பியைத் தூக்கி வெட்டிப் பார்த்தார். அந்த மாதமே அவருக்கு வேலை போயிற்று.

இது மனித சுபாவம் போலும். எங்கள் வீட்டு இணையத் தொடர்பு சென்ற ஆண்டு சாயங்காலமானால் அறுந்து அறுந்து வந்தது. பழுது பார்க்க வந்த பையன்கள் மூன்று தடவையும் கைக்கு எட்டிய இடத்தில்தான் கை வைத்தார்கள். சுவரோரத்து முனையை மாற்றினார்கள், பெட்டியை மாற்றினார்கள், 'இனிமே வராது சார்' என்றார்கள். நாலாவதாக வந்த நடு வயசுக்காரர் எதையும் தொடவில்லை. கண்ணாடி இழைக்குள் ஒளியை அனுப்பி அது எதிரொலித்து வரும் நேரத்தை அளக்கும் கருவி ஒன்றை மாட்டினார். '340 மீட்டர் தள்ளி சார்' என்று சொல்லி விட்டு நடந்தார். அங்கே கடற்காற்றில் ஒரு வேப்பங்கிளை இழையை மடக்கி மடக்கி விட்டுக் கொண்டிருந்தது.

1858 செப்டம்பரில் வாலன்ஷியாவுக்குப் போன க்ராம்வெல் வார்லி இந்தக் காரியத்தைத்தான் செய்தார். ஒரு மைல் கம்பி மின்சாரத்துக்கு எவ்வளவு தடை செய்யும் என்பது தெரியும். உறை கிழிந்த இடத்தில் மின்சாரம் கடலில் இறங்கி விடும். ஆகவே கரையில் உட்கார்ந்து மொத்தத் தடையை அளந்தால், கிழிசல் எத்தனை மைலில் என்று வகுத்துச் சொல்லலாம். 245 முதல் 300 மைலுக்குள் என்று அவர் சொன்னார். அவ்வளவு ஆழத்தில், அன்று யார் போய்த் தைப்பது? கம்பி அடங்கி விட்டது.

அதற்கு முன் அது ஒரு பெரிய வேலை செய்திருந்தது. நம் நாட்டில் 1857-ல் மூண்ட கிளர்ச்சியை அடக்குவதற்காகக் கனடாவிலிருந்து இரண்டு பட்டாளங்களைத் திரும்ப வரவழைத்திருந்தார்கள். இனி வேண்டாம் என்ற செய்தி ஆகஸ்டு 31-ந் தேதி இந்தக் கம்பி வழியாகத்தான் போயிற்று. 50,000 பவுன் மிச்சமாயிற்று என்கிறார்கள். கம்பிக்குச் செலவான தொகையோ ஏறக்குறைய 3,50,000 பவுன்.

இந்தியாவுக்காகச் செங்கடலில் போட்ட கம்பியும் 1860-ல் செத்த பிறகு, ஒரு விசாரணைக் குழு உட்கார்ந்து 1861-ல் அறிக்கை கொடுத்தது. அதே வருஷம் மின்தடைக்கு ஒரு பொது அளவை வகுக்க விஞ்ஞானிகள் குழு ஒன்று அமைந்தது. 'ஓம்' என்று இன்று பள்ளிப் பிள்ளைகள் படிக்கும் அலகு அந்த முயற்சியில் உருவானது.

1866-ல் கிரேட் ஈஸ்டர்ன் கப்பல் புதிய கம்பியைக் கரை சேர்த்ததோடு, முந்தின வருஷம் நடுக்கடலில் அறுந்து போனதையும் மீட்டு முடித்தது. செப்டம்பரில் லாட்டிமர் கிளார்க் என்ற பொறியாளர் வாலன்ஷியாவில் இருந்தார். அக்கரையில் இரண்டு கம்பிகளின் முனைகளையும் சேர்க்கச் சொன்னார். ஒரு பெண்ணிடமிருந்து தையல் வேலைக்கு விரலில் மாட்டும் வெள்ளி அங்குஸ்தானை இரவல் வாங்கி, அதில் சில துளி அமிலம் விட்டு, ஒரு துத்தநாகத் துண்டைப் போட்டார். அந்த மின்சாரம் சமுத்திரத்தை ஒரு முறை கடந்து, மறுபடி திரும்பி வந்து, சுவரில் ஒளிப் புள்ளியை நகர்த்தியது.