உயிரியல் ஆசிரியரை உருவாக்கிய கோடைகள்

1871 கோடையில் லண்டன் சவுத் கென்சிங்டனில் ஆறு வார வகுப்பு ஒன்று நடந்தது. கற்பித்தவர் தாமஸ் ஹென்றி ஹக்ஸ்லி. மாணவராக அமர்ந்தவர்கள் பள்ளி அறிவியல் ஆசிரியர்கள். அன்றைய பிரிட்டனில் ‘அறிவியல், கலைத் துறை’ என்ற அரசு அமைப்பு, மாணவர்களின் தேர்ச்சியைக் கணக்கிட்டு ஆசிரியருக்கு ஊக்கத்தொகை தந்துவந்தது. அதனால் நூலைப் பார்த்து ஒப்பிப்பதே பல வகுப்புகளில் பாடமாக இருந்தது. ஹக்ஸ்லி அந்த வழக்கத்தை உடைத்தார். காலையில் விரிவுரை, எஞ்சிய நேரம் முழுவதும் நுண்ணோக்கியும் அறுவைக் கத்தியும். ஈஸ்ட், அவரைச் செடி, ஹைட்ரா, நன்னீர்ச் சிப்பி, தவளை என்று எளிதில் கிடைக்கும் சில உயிர்களை ஒவ்வொருவரும் தம் கையாலேயே அறுத்து, பார்த்து, வரைய வேண்டும்.

‘உயிரியலாளர்’ என்பது ஒரு தொழிலாகவே நிலைபெறாத காலம் அது. ஆசிரியர் பயிற்சி முதலில் வந்தது. அதன் வழியே தொழில் வளர்ந்தது. ஒரு நூற்றாண்டு கழித்து இந்த வரிசை தலைகீழானது. தொழில் முன்னே ஓட, ஆசிரியர்கள் அதை எட்டிப் பிடிக்க வேண்டியதாயிற்று. இந்த மாற்றம் எப்படி நிகழ்ந்தது என்பதை இங்கிலாந்து, அமெரிக்க வரலாறுகள் தெளிவாகக் காட்டுகின்றன.

ஹக்ஸ்லியின் செய்முறைப் பாடங்கள் 1875இல் நூலாயின. அதை அவருடன் சேர்ந்து எழுதிய ஹென்றி நியூவெல் மார்ட்டின், மறு ஆண்டே அமெரிக்காவின் புதிய ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் உயிரியல் பேராசிரியரானார். ஆசிரியர்களுக்காக உருவான முறை இப்படி ஆய்வாளர்களின் அடிப்படைப் பயிற்சியாக மாறியது. சவுத் கென்சிங்டனிலோ ஆசிரியர் பயிற்சி தொடர்ந்தது. 1884இல் உதவித்தொகை பெற்று அங்கே வந்து ஹக்ஸ்லியிடம் படித்தவர்களுள் எச்.ஜி. வெல்ஸும் ஒருவர். நாவலாசிரியராகப் புகழ்பெறும் முன், 1893இல் அவர் வெளியிட்டது ஓர் உயிரியல் பாடநூல்.

அட்லாண்டிக்கின் மறுகரையிலும் இதே கதைதான். 1873இல் மாசசூசெட்ஸ் கடலோரத்தின் பெனிகீஸ் தீவில் இயற்கையியலாளர் லூயி அகாசி ஆசிரியர்களுக்கான கோடைப் பள்ளியைத் திறந்தார். தீவையும் 50,000 டாலரையும் கொடுத்தவர் ஜான் ஆண்டர்சன் என்ற நியூயார்க் புகையிலை வணிகர். ஆண்களோடு பெண்களும் அங்கே பயின்றனர். அவ்வாண்டு டிசம்பரில் அகாசி இறந்தார். 1874 கோடையோடு பள்ளியும் மூடப்பட்டது. ஆனாலும் அங்கே படித்த பாஸ்டன் பள்ளி ஆசிரியர் சார்லஸ் ஓடிஸ் விட்மன், பின்னர் உட்ஸ் ஹோல் கடல் உயிரியல் ஆய்வகத்தின் முதல் இயக்குநரானார். ஆய்வும் கற்பித்தலும் ஒரே கூரையின் கீழ் நடக்க வேண்டும் என்ற எண்ணத்தோடு 1888இல் தொடங்கிய நிறுவனம் அது.

அடுத்த பெரிய அலைக்குக் காரணம் அரசியல். 1950இல் உருவான அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளை, அந்தப் பத்தாண்டின் முற்பகுதியிலேயே ஆசிரியர்களுக்குக் கோடைப் பயிலரங்குகளை நடத்தத் தொடங்கியிருந்தது. 1957 அக்டோபர் 4இல் சோவியத்தின் ஸ்புட்னிக் பறந்ததும் நிதி பெருகியது. மறு ஆண்டு பி.எஸ்.சி.எஸ். என்ற உயிரியல் பாடத்திட்டக் குழு அமைந்தது. 1960இல் கொலராடோவின் போல்டர் நகரில் ஆய்வாளர்களும் பள்ளி ஆசிரியர்களும் ஒன்றாக அமர்ந்து பாடம் எழுதினர். பள்ளிகளில் அதைச் சோதித்துத் திருத்தி, 1963இல் நிறப் பெயர் கொண்ட மூன்று நூல்களாக வெளியிட்டனர். மூலக்கூற்றை முதன்மையாகக் கொண்டது நீலம். சூழலியலை முன்வைத்தது பச்சை. செல்லை மையமாக்கியது மஞ்சள். உடன் வந்த ஆசிரியர் கையேட்டை ஜோசப் ஷ்வாப் வழிநடத்தினார். விடையைச் சொல்லாமல், சான்றுகளை மாணவர் முன் வைத்து விவாதிக்கச் செய்வது எப்படி என்று அது விளக்கியது.

பிறகு மரபணுப் பொறியியல் வந்தது. 1973இல் ஸ்டான்லி கோஹனும் ஹெர்பர்ட் போயரும் டி.என்.ஏ.வை வெட்டி ஒட்டி பாக்டீரியாவில் பெருக்கிக் காட்டினர். 1976இல் ஜெனென்டெக் என்ற உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் பிறந்தது. 1982இல் பாக்டீரியாவில் தயாரான மனித இன்சுலின் அமெரிக்காவில் விற்பனைக்கு அனுமதி பெற்றது. பத்தே ஆண்டுகளில் ஆய்வகச் செய்முறை தொழிற்சாலை வேலையாகிவிட்டது. அதற்கு முன்பே பட்டம் முடித்த ஆசிரியர்கள் பலர் மைக்ரோபிப்பெட்டைத் தொட்டதே இல்லை.

இந்த இடைவெளியை நிரப்ப 1988இல் கோல்டு ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகம் டி.என்.ஏ. கற்றல் மையத்தைத் திறந்தது. பள்ளி மாணவருக்கும் ஆசிரியருக்கும் நொதியால் டி.என்.ஏ.வை வெட்டவும், ஜெல்லில் பிரிக்கவும் அங்கே கற்றுத் தந்தனர். ஆனால் பயிற்சி முடித்துத் திரும்பும் ஆசிரியரின் பள்ளியில் கருவி இருக்க வேண்டுமே? கலிபோர்னியாவில் ஆம்ஜென் நிறுவனத்தின் ஆதரவில் வளர்ந்த திட்டம் இதற்கு ஒரு வழி கண்டது. பயிற்சி பெற்ற ஆசிரியருக்குக் கருவிகளையும் வேதிப்பொருள்களையும் பெட்டியாகக் கட்டி இரவல் கொடுத்தது.

1992இல் அமெரிக்கச் சட்டம் ஒன்று, தொழில்நுட்பப் பணியாளர்களை உருவாக்கும் இரண்டாண்டுக் கல்லூரிகளுக்குத் தேசிய அறிவியல் அறக்கட்டளையின் நிதியைத் திறந்துவிட்டது. அந்த நிதியில் 1998இல் சான் பிரான்சிஸ்கோ நகரக் கல்லூரியில் ‘பயோ-லிங்க்’ மையம் எழுந்தது. முனைவர் பட்டம் இல்லாமலேயே உயிரித் தொழில்நுட்ப ஆய்வகத்தில் வேலைக்குச் சேரும் இளைஞர்களே அதன் இலக்கு. அவர்களைத் தயாரிக்கும் ஆசிரியருக்கு உடற்கூறும் மரபியலும் மட்டும் போதவில்லை. கிருமி கலவாமல் செல் வளர்ப்பது, கரைசலைத் துல்லியமாகக் கலப்பது, செய்த ஒவ்வொன்றையும் தேதியிட்டுப் பதிவது ஆகியவையும் பாடத்துக்குள் வந்தன. தவளையோடு தொடங்கிய ஆசிரியர் பயிற்சியின் உள்ளடக்கத்தை, இப்போது வேலை கொடுப்பவரின் தேவையும் சேர்ந்து தீர்மானிக்கிறது.