தூங்க வைக்கும் அதிகாரம்

1839இல் லண்டனுக்கருகே ஹான்வெல் மனநோய் விடுதியில் ஜான் கானலி நோயாளிகளின் கட்டுகளை அவிழ்த்தார். மனிதாபிமானத்தின் வெற்றியென்று வரலாறு இதைச் சொல்லும். நான் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறேன். 1869இல் பெர்லினில் லீப்ரைக் குளோரல் ஹைட்ரேட்டைத் தூக்கமருந்தாக அறிமுகப்படுத்தினார். விடுதிகள் அதை அள்ளிக்கொண்டன. வெளியே இருந்த கட்டு உடம்புக்குள் போய்விட்டது, அவ்வளவுதான்.

1963 முதல் 1979 வரை சிட்னியின் செல்ம்ஸ்ஃபோர்டு மருத்துவமனையில் ஹாரி பெய்லி ‘ஆழ்துயில் சிகிச்சை’ நடத்தினார். பார்பிட்டுரேட் கொடுத்து நாள்கணக்கில் நினைவில்லாமல் கிடத்துவது. மூக்குக்குழாய் வழியே உணவு. இருபதுக்கு மேற்பட்டோர் செத்துப்போனார்கள். இம்மருந்துகள் மூச்சை இயக்கும் மூளைப்பகுதியையும் அமர்த்திவிடும். அசையாத உடம்பில் நுரையீரலில் சளி கட்டும். மருந்துச்சீட்டுக்கும் சாவுக்கும் நடுவே நிற்பவர் செவிலியர். மூச்சை எண்ணுவது, கூப்பிட்டால் கண் திறக்கிறாரா என்று பார்ப்பது, மூச்சு குறைந்தால் அடுத்த டோஸை நிறுத்திவைத்து மருத்துவரைக் கேள்வி கேட்பது: இந்த வார்டு வேலையை அரசியல் செயல்பாடாகவே நான் வாசிக்கிறேன். செல்ம்ஸ்ஃபோர்டின் கோப்புகளை வெளியே கொண்டுவந்தவரும் ஒரு செவிலியர்தான்.

முதியோர் இல்லங்களில் ஊழியர் வசதிக்காக மருந்தால் கட்டிப்போடக் கூடாதென்று 1987இல் அமெரிக்கா சட்டமியற்றியது. ‘ராத்திரியெல்லாம் கத்துறார், ஒரு ஊசி போட்டுடு’ என்கிற குரல் சட்டத்தால் மட்டும் அடங்கிவிடாது. வலியா, பயமா, மூத்திரம் முட்டுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். பிறகு கேட்க வேண்டும்: யார் நிம்மதியாகத் தூங்க இந்த ஊசி?