கதைத்தது யார்? மட்டக்களப்பில் உடல், மனம், வினை

வைகாசியில் மட்டக்களப்பு வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் கண்ணகி அம்மன் கோவில்களில் கதவு திறப்பார்கள். உடுக்கு வேகம் பிடிக்கும்போது தெய்வமாடுபவரின் கால் முதலில் நடுங்கும். பிறகு கையிலுள்ள வேப்பிலை. வாக்கு வரும். மஞ்சள் தண்ணீர் தெளித்து ஆட்டம் இறங்கியபின் கேட்டால், "எனக்கு ஒண்டும் தெரியா, கதைச்சது அம்மாள்" என்பார். அப்படியானால் அந்த நாவை அசைத்தது யார்?

இதற்கான சொற்களைத் தமிழ்ச் சைவம் 13ஆம் நூற்றாண்டிலேயே ஆக்கி வைத்திருந்தது. சிவஞானபோதத்தின் மூன்றாம் சூத்திரம் உடலுக்கு வேறாக உயிர் உண்டென நிறுவுகிறது. அது காட்டும் காரணங்களில் ஒன்று மிக எளியது: 'என் உடல்' என்கிறோமே, அந்த 'என்' யாருடையது? நான்காம் சூத்திரத்தில் உயிர் அரசன்; மனம், புத்தி முதலிய அந்தக்கரணங்கள் அமைச்சர்கள். 1641இல் தம் 'தியானங்கள்' நூலை வெளியிட்ட டேக்கார்ட் மனத்தை ஒரு பக்கமும் உடலை மறுபக்கமும் நிறுத்தினார். சைவ சித்தாந்தமோ மனத்தையும் மாயையின் காரியமாக்கி உடலோடு சேர்த்துவிட்டது. கோடு விழும் இடமே வேறு. இதைக் கவனிக்காமல் இரண்டையும் 'இருமைவாதம்' என்று ஒரே பெயரால் அழைப்பது நம் பாடநூல்களின் பழைய சோம்பல்.

தெய்வமாடுதலுக்கு நெருங்கி வருவது ஐந்தாம் சூத்திரம். காந்தத்தின் முன் இரும்பு அசைவதுபோல் உயிர் இறைவன் முன்னிலையில் அறிகிறது. சார்ந்ததன் வண்ணமாவதும் உயிரின் இயல்பு. ஆனால் வினைப்பயன் உயிருக்கே. காந்தத்தைக் காட்டி இரும்பு தப்பிக்க முடியாது.

வினையோடு சேர்ந்த விதி பற்றிய எண்ணம் இங்கே மாறியதைக் கோவில்களில் பாடப்படும் கண்ணகி வழக்குரையில் காணலாம். வி.சீ. கந்தையா இதை 1968இல் பதிப்பித்தார். சிலப்பதிகாரப் பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளில் ஊழ்வினையும் ஒன்று. வழக்குரையிலோ அம்மன் பாண்டியனை அழிக்கவென்றே மாங்கனியில் வந்து பிறக்கிறாள். ஊழ் இருந்த இடத்தில் ஒரு சங்கற்பம் வந்து அமர்கிறது. கோவலனின் கொலை வினையின் விளைவாக மட்டும் நிற்காமல் தெய்வத்தின் திட்டத்திலும் ஒரு கட்டமாகிறது.

வினை என்ற சொல் பின்னர் இன்னொரு பக்கமும் திரும்பியது. காரைதீவில் 1892இல் பிறந்த விபுலாநந்தர் விஞ்ஞானப் பட்டதாரி. விவேகானந்தரின் கர்மயோகத்தைத் தமிழாக்கிய அவர் கையில் வினை என்பது செய்ய வேண்டிய பணியாயிற்று. கல்லடி உப்போடையில் 1929இல் எழுந்த சிவானந்த வித்தியாலயம் அந்த எண்ணத்தின் கட்டடம்.

ஆட்டத்துக்கு வருவோம். தெய்வமாடுபவர் நாள்கணக்கில் விரதம் இருக்கிறார். மச்சம் மாமிசம் விலக்குகிறார். ஆடும்போது தன் இச்சை இல்லை என்பவர், அந்த இச்சையை ஒப்படைக்கத் தானாகவே உடன்பட்டவர். என் கணிப்பில் இங்கே சுயேச்சை என்பது நோன்பில் இருக்கிறது, ஆட்டத்தில் இல்லை.

இலங்கையின் உள்நாட்டுப் போர்க்காலம் இந்த ஒழுங்கைக் குலைத்தது. காணாமல் போன பிள்ளைகளின் கதி கேட்டுக் குடும்பங்கள் வாக்குச் சொல்வோரைத் தேடிப் போனதை மானிடவியலாளர் பட்ரீசியா லாரன்ஸ் 2000இல் வெளியான கட்டுரையில் பதிவுசெய்தார். பிறர் பட்ட வதையை வாக்குச் சொல்பவரின் உடல் தானும் பட்டுக் காட்டியது. தெய்வம், துயரம், உடல் மூன்றும் ஒன்றில் ஒன்று புகுந்துவிட்ட அந்த நிலைக்குக் காந்த உவமை போதாது. சித்தாந்த நூல்களை மட்டும் வைத்து இப்பகுதியின் உயிர்க்கொள்கையை எழுத முனைவோர் அந்த ஆண்டுகளைத் தாண்டிப் போக முடியாது.