வெள்ளித் துகள் வந்த வழி

வெள்ளி மருத்துவத்தில் பெரிய பெயர் எடுத்தது பச்சைக் குழந்தைகளின் கண்ணில்தான். 1880இல் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் கார்ல் கிரெடே என்ற மகப்பேற்று மருத்துவர், பிறந்த சிசுக்களின் கண்ணில் வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடத் தொடங்கினார். பிரசவத்தில் தாயிடமிருந்து தொற்றிப் பார்வையைப் பறித்துவந்த நோய் அடங்கியது.

பெனிசிலின் வந்ததும் வெள்ளி ஓரங்கட்டப்பட்டது. தீக்காயம்தான் அதை மறுபடி அழைத்தது. 1968இல் சார்ள்ஸ் ஃபாக்ஸ் அறிமுகப்படுத்திய சில்வர் சல்ஃபாடயசின் களிம்பு எரிகாய வார்டுகளில் இடம்பிடித்தது. 1990களின் இறுதியில் நானோ வெள்ளி பூசிய கட்டுத்துணி வந்தது.

நானோமீற்றர் என்பது மில்லிமீற்றரில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு. துகள் சிறுக்கச் சிறுக்க, அதே எடைக்கு மேற்பரப்பு பெருகும். வெள்ளி அயன்களும் கூடுதலாகக் கசியும். அவை பக்டீரியாவின் மென்சவ்வைச் சிதைத்து, கந்தகமுள்ள புரதங்களைப் பற்றி, அதன் சுவாசத்தை முடக்கும்.

இந்த வெள்ளியின் பாதை இலங்கையின் புசல்லாவையில் விளையும் தேயிலையோடும் வந்து சேர்ந்தது. 1841இல் மொரிஸ் வேர்ம்ஸ் இங்குள்ள ரொத்சைல்ட் தோட்டத்தில் சீனத் தேயிலையை நட்டார். கொழுந்தில் நிறைந்திருக்கும் பொலிபீனோல்களுக்கு வெள்ளி அயனை உலோகத் துகளாக மாற்றும் ஆற்றல் உண்டு. நிறமற்ற வெள்ளி நைத்திரேற்றுக் கரைசலில் தேயிலைச் சாற்றை ஊற்றினால், திரவம் மஞ்சளாகிக் கபிலமாகும். துகள் பிறந்ததற்கு அதுவே அடையாளம். அதே பொலிபீனோல்கள் துகளைப் போர்த்தி, ஒன்றோடொன்று ஒட்டாமல் காக்கும். கடுமையான இரசாயனங்கள் தேவையில்லை. பல நாடுகளின் ஆய்வுக்கூடங்கள் இதைச் செய்து காட்டியுள்ளன.

ஆனால் வெள்ளி எல்லாம் வல்லதல்ல. அளவு மீறினால் நம் உயிரணுக்களையும் தாக்கும். நெடுநாள் உடலில் சேர்ந்தால் தோல் நீலச் சாம்பல் நிறமாகும். 1970களில் பாஸ்டனின் எரிகாய வார்டு ஒன்றில் வெள்ளிக்கு அடங்காத சால்மொனெல்லாவும் தலைகாட்டியது. எனவே மருந்தாகும் முன் சோதனைகள் முழுமையாக நடக்க வேண்டும்.

அதைச் செய்ய இலங்கைக்கு வசதி உண்டு. நானோ தொழில்நுட்பத்துக்கென 2008இல் தொடங்கிய நிறுவனம் ஹோமாகமவில் இயங்குகிறது. புசல்லாவையிலிருந்து கம்பளை வழியே இறங்கினால் பேராதனைப் பல்கலைக்கழகம். கவ்வாத்துக் கத்தி வெட்டிய கைக்கும், நீரிழிவால் ஆறாத பாதப் புண்ணுக்கும் தோட்டத்து டிஸ்பென்சரியில் நல்ல கட்டுத்துணி கிடைக்க வேண்டும். கொழுந்து பறிப்பவர்களின் காயத்தைக் கொழுந்தில் பிறந்த மருந்து ஆற்றுவதே இந்த அறிவியலுக்குரிய நியாயமான இலக்கு.