கூட்டுறவும் மக்கள் சேமிப்பும்

சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டப்புறங்களில் கூட்டுறவு என்பது நம்பிக்கைக்குரிய சொல். தோட்டத் துண்டாடலால் தொழிலாளர் வாழ்விடம் இழந்த காலத்தில், 1960ஆம் ஆண்டு வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். தொழிலாளர் சிறுகச் சிறுகச் செலுத்திய பங்குப் பணத்தால் கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டம் வாங்கப்பட்டது.

அதே சொல் 1986இல் அச்சத்தை விளைவித்தது. அவ்வாண்டு சூலையில் கொசாத்து என்னும் வைப்புத்தொகைக் கூட்டுறவுச் சங்கம் நிலைகுலைந்தது. ஆகஸ்டு 8ஆம் நாள், பேங்க் நெகாரா மேலும் 23 சங்கங்களின் பணிகளை நிறுத்திவைத்தது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்டோரின் ஏறத்தாழ 150 கோடி வெள்ளி முடங்கியது.

இதற்குக் காரணம் யாது? இச்சங்கங்கள் வங்கிகளைப் போல் வைப்புப் பணம் பெற்றன. ஆயினும் வங்கிச் சட்டத்தின் கண்காணிப்புக்கு உட்படவில்லை. மக்கள் பணம் நிலத்திலும் பங்குகளிலும், இயக்குநர் சார்ந்த நிறுவனங்களுக்கான கடன்களிலும் முடங்கிற்று. 1985இல் பொருளாதாரம் தளர்ந்தபோது அவற்றின் மதிப்பும் சரிந்தது. வைப்பாளர் பலர் தம் பணத்தைத் தவணை தவணையாகவே திரும்பப் பெற நேர்ந்தது; ஒரு பகுதி பங்குகளாகவும் தரப்பட்டது.

2005இல் மலேசிய வைப்புத்தொகைக் காப்புறுதிக் கழகம் அமைந்தது. எனினும் அதன் வைப்புத்தொகைப் பாதுகாப்பு உறுப்பு வங்கிகளுக்கே உரியது. கூட்டுறவுச் சங்க வைப்புகளுக்கு அன்று. ஆதலின் சங்கத்தின் கணக்கை ஆண்டுக் கூட்டத்தில் கேட்டறிவது உறுப்பினர் ஒவ்வொருவரின் கடமையாகும்.